‘ஏபிஐ ரெடி’ என்ற ஒரு வரியை நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்குச் செய்து கொடுக்கப்பட்ட மாணவர் போர்ட்டலைப் பற்றிய எச்சரிக்கை இது. பதிவு, கட்டணம், அறிவிப்பு மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும், அதே தரவு கைப்பேசிச் செயலிக்கும் கணக்கு மென்பொருளுக்கும் போக வேண்டும் என்று நிலையம் கேட்டிருந்தது. கொட்டேஷன் 26,000 ரிங்கிட். அதில் ‘தனிப்பயன் ஏபிஐ’ என்ற ஒற்றை வரிக்கு மட்டும் 9,500. ஏபிஐ என்றால் ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவைக் கேட்டு வாங்கும் வாசல். பாதி முன்பணம். நான்கு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில், “அண்ணே, ஏபிஐ ரெடி. பேலன்ஸ் போட்டு விடுங்க” என்று வந்தது. அன்றே பணமும் போனது. செய்தவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை வேறு ஒருவர் வேறு பெயரில் உங்களுக்கும் விற்கலாம் என்பதால், என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போர்ட்டலைக் கட்டியது வேர்ட்பிரஸில், அதாவது இணையதளம் அமைக்கும் இலவச மென்பொருளில். அந்த 9,500 ரிங்கிட்டுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி வேர்ட்பிரஸ் இலவசமாகத் தருவது. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே ரெஸ்ட் ஏபிஐ உள்ளே சேர்ந்தே வருகிறது. நிறுவினாலே வேலை செய்யும். இதை நீங்களே பார்த்துவிடலாம். தள முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு, பிறகு ஆங்கிலத்தில் ‘டபிள்யூபி-ஜேசன்’ (wp-json) என்று சேர்த்துத் திறங்கள். தளத்தின் பெயரோடு தொடங்கி அடைப்புக்குறிகளாக ஒரு பக்கம் வரும். மேலேயே ‘நேம்ஸ்பேஸஸ்’ என்ற சொல் இருக்கும். அதற்கடுத்து வரும் ‘டபிள்யூபி/வி2’, ‘ஓஎம்பெட்/1.0’ எல்லாம் வேர்ட்பிரஸோடு வந்தவை. உங்களுக்கென்று எழுதியிருந்தால் தனிப் பெயர் ஒன்று அங்கே இருக்க வேண்டும். இந்தப் போர்ட்டலில் அப்படி ஒரு பெயர் இருந்தது. அதன் கீழ் நான்கு வழிகள், அதாவது தரவு தரும் முகவரிகள். மூன்று, அறிவிப்புகளை மறுபடி நகலெடுத்துத் தருபவை. நான்காவது மாணவர் பட்டியல்.

அந்த நான்காவதுதான் வயிற்றைக் கலக்கியது. உலாவியில் பிரைவேட் ஜன்னல் திறந்து, எதிலும் லாகின் செய்யாமல், அந்த முகவரியை ஒட்டியதும் 1,400 மாணவர்களின் பெயர், கைப்பேசி எண், ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண், கட்ட வேண்டிய பாக்கி எல்லாம் வரிசையாகக் கொட்டின. ஐசி எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஒரு பிள்ளையின் அடையாளமே அதில் இருக்கிறது.

காரணம் ஒரே ஒரு வரி. வேர்ட்பிரஸில் புதிதாக ஒரு வழியைப் பதியும்போது, யார் பார்க்கலாம் என்பதை ‘பெர்மிஷன் கால்பேக்’ என்ற இடத்தில் சொல்ல வேண்டும். 5.5 பதிப்பிலிருந்து அதை விட்டுவிட்டால் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கை தொல்லையாக இருந்ததால் அங்கே ‘ரிட்டர்ன் ட்ரூ’ என்று போட்டிருந்தார்கள், அதாவது யார் வந்தாலும் சரி என்று. கேட்டபோது, “அந்த அட்ரஸ் யாருக்கும் தெரியாதுங்க” என்றார்கள். இது உண்மையில்லை. மேலே சொன்ன ‘டபிள்யூபி-ஜேசன்’ பக்கமே எல்லா வழிகளையும் பட்டியல் போட்டுக் காட்டுகிறது. சரியாக எழுதியிருந்தால் லாகின் இல்லாதவருக்கு 401 (‘யாரென்று தெரியவில்லை’ என்ற பதில் எண்) வர வேண்டும். சாதாரண மாணவர் கணக்கின் ‘அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்’ (செயலிகள் நுழைவதற்கான தனிக் கடவுச்சொல்) கொடுத்துக் கேட்டால் 403 (‘தெரியும், ஆனால் அனுமதி இல்லை’) வர வேண்டும்; உலாவியில் நுழைந்து முகவரியை மட்டும் திறந்தால் வேர்ட்பிரஸ் அதை லாகின் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சோதியுங்கள்; 401 வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய பேர்.

கட்டணப் பகுதியும் இதே லட்சணம்தான். எஃப்பிஎக்ஸ் (மலேசியாவின் இணைய வங்கிக் கட்டண முறை) வழியாகப் பணம் கட்டிவிட்டுத் தளத்துக்குத் திரும்பும்போது முகவரியில் ஸ்டேட்டஸ் என்று ஒரு எண் வருகிறது. வங்கிப் பக்கத்தில் ரத்து செய்துவிட்டுத் திரும்பி, அந்த எண்ணை 1 என்று கையால் மாற்றி என்டர் தட்டினால் ரசீது வந்துவிட்டது. உலாவி கொண்டுவரும் செய்தியை நம்பவே கூடாது. கட்டணச் சேவையின் சர்வர் உங்கள் சர்வரை நேரடியாகக் கூப்பிடும் கால்பேக் தனியாக உண்டு. அதோடு வரும் கையொப்பத்தை ரகசியச் சாவியால் சரிபார்த்து, தொகையும் பில்லில் உள்ளதுதானா என்று பார்த்த பிறகே ‘கட்டியாயிற்று’ என்று பதிய வேண்டும்.

சின்னக் கோளாறுகளும் உண்டு, ஆனால் தினமும் தலைவலி தருபவை. ஐசி எண்ணை எழுத்தாக வைக்காமல் எண்ணாக வைத்திருந்தார்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அந்தப் பூஜ்யம் விழுந்து 12 இலக்கம் குறைந்துவிடுவதால் கணக்கு மென்பொருளில் ஆளே பொருந்துவதில்லை. செயலியில் பத்து அறிவிப்புக்கு மேல் வரவில்லை. எத்தனை வேண்டும் என்று செயலி கேட்காவிட்டால் வேர்ட்பிரஸ் ஒரு தடவைக்கு 10, கேட்டாலும் அதிகபட்சம் 100தான் தரும். மீதியைப் பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்த் தலைப்பில் இன்னொரு சிக்கல். தலைப்பு அறிவிப்பின் முகவரியாக மாறும்போது தமிழில் ஒவ்வொரு குறியும், புள்ளி, கொம்பு உட்பட, ஒன்பது குறிகளாக விரியும். 200 குறிகளோடு வேர்ட்பிரஸ் வெட்டிவிடும். ஆக மிஞ்சுவது சுமார் 22 குறி, இரண்டு மூன்று சொல். ‘தேர்வுக் கட்டணம் செலுத்த’ என்று தொடங்கும் எல்லா அறிவிப்பும் ஒரே முகவரியில் மோதி, கடைசியில் 2, 3 என்று வால் முளைக்கும். செயலி அதை வைத்துத் தேடினால் வேறு அறிவிப்பு திறக்கும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் வேர்ட்பிரஸ் தரும் ஐடி எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

உங்கள் தளமும் இப்படி இருந்தால், முதலில் அந்த வழிகளைப் பதியும் பிளகினை (வேர்ட்பிரஸில் கூடுதலாகச் சேர்த்த நிரலை) முடக்குங்கள். திறந்து கிடக்கும் வழி அந்த நிமிடமே மூடிக்கொள்ளும். ஆனால் எதையும் அழிக்காதீர்கள். அன்றே சர்வரின் அணுகல் பதிவேட்டை இறக்கி வையுங்கள், பல ஹோஸ்டிங்கில் சில நாளிலேயே பழையது போய்விடும். அந்த வழியை யார் திறந்தார்கள், 200 (‘கேட்டது கொடுக்கப்பட்டது’) என்ற பதில் எத்தனை முறை போயிருக்கிறது என்று அதில்தான் தெரியும். பிறகு பயனர் பக்கத்தில் ‘அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்’ பட்டியலைப் பாருங்கள். கடைசியாக எப்போது, எந்த ஐபியிலிருந்து பயன்பட்டது என்று இருக்கும். தெரியாததை ரத்து செய்யுங்கள். இதில் நேரம் முக்கியம்: 2025 ஜூன் 1 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடமை போர்ட்டல் செய்தவருடையது அல்ல, மாணவர் தரவை வைத்திருக்கும் நிலையத்துடையது.

வேறு ஆளிடம் மாற்றலாம் என்றால், வேர்ட்பிரஸின் ‘எக்ஸ்போர்ட்’ கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அதில் பதிவுகளும் பக்கங்களும் இருக்கும். தனி அட்டவணையில் உள்ள மாணவர் விவரம் ஒன்றுகூட இருக்காது, படங்களின் முகவரி இருக்கும், படம் இருக்காது. முழு டேட்டாபேஸ் நகல், ‘அப்லோட்ஸ்’ கோப்புறை, பிளகினின் மூல நிரல் மூன்றும் வேண்டும். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் ஹூயிஸ் என்ற பதிவுத் தேடலில் பாருங்கள். இந்த நிலையத்தின் டொமைன் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்று பலர் சொல்வார்கள். அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், ஆனால் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவற்றுக்கு மட்டும். தொழிலுக்கு வாங்கிய மென்பொருளுக்குப் பொருந்தாது. ஆகவே கடைசி 30 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: ஒவ்வொரு ஏபிஐ வழியின் பட்டியல், ஒவ்வொன்றையும் யார் பார்க்கலாம், லாகின் இல்லாமல் திறந்தால் 401, ரத்தான கட்டணத்துக்கு ரசீது வராமை, பூஜ்யத்தில் தொடங்கும் ஓர் ஐசி எண் கணக்கு மென்பொருள் வரை 12 இலக்கமாகவே போய்ச் சேருதல். இத்தனையையும் உங்கள் எதிரில், உங்கள் கணினியில் செய்து காட்டிய பிறகே மீதியைப் போடுங்கள்.