மண்வீட்டு விடுதி: கேட்ட மச்சானுக்கு

ஓகஸ்டில் பிள்ளைகளோடு வருகிறோம், நீ வழமையாகப் போகும் மண்வீட்டு விடுதி எப்படி என்று ரொறன்ரோவிலிருந்து மச்சான் கேட்டிருந்தான். மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானை அண்டிய காட்டோரம் என்பது அவனுக்குத் தெரியும். படங்களும் பார்த்துவிட்டான். வருடக்கணக்காகப் போய்வருகிற உரிமையில் படத்தில் தெரியாததைச் சொல்கிறேன்.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. தடித்த மண்சுவர், மேலே பனையோலை. சுவர் மெதுவாகத்தான் சூடேறும், அதனால் உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்மை. ஆனால் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். யன்னலைத் திறந்துவிட்டு நுளம்பு வலைக்குள் படுக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது, எங்கள் சீமெந்து வீட்டில் இருக்கமுடியாமல் குடும்பத்தோடு அங்கே போய்க் கிடந்தோம். சோலரில் ஒரு பல்ப்பும் சின்னக் காற்றாடியும் ஓடின, போதுமாக இருந்தது. சாப்பாட்டைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் முடியாது: நந்திக்கடல் இறால், எருமைத் தயிர், அவ்வளவோடு நிறுத்துகிறேன்.

சரி, கோபத்துக்கு வருவோம். தண்ணீர்ப் போத்தல்! வாசலில் 'பிளாஸ்ரிக் தவிர்ப்போம்' என்று பலகை. உள்ளே போனால் கட்டிலருகே அரை லீற்றர் போத்தல்கள், சாப்பாட்டு மேசையில் இன்னொரு வரிசை. அந்தக் காட்டுப்பாதைக்குள் குப்பை எடுக்க யாரும் வருவதில்லை. பொழுதுபடக் குசினிக்குப் பின்னாலுள்ள கிடங்கில் போட்டுக் கொளுத்துகிறார்கள். காற்று திரும்பினால் புகை நேரே நாங்கள் திறந்துவைத்த யன்னலுக்குள்தான். இயற்கைக் காற்று வாங்கத்தானே காசு கொடுத்தோம்?

நியாயத்தையும் சொல்லவேண்டும். அங்கே குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கல்நீர், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயைப் பார்த்த சனம் கிணற்றுத் தண்ணீருக்குப் பயப்படுவதை நான் பகிடி பண்ணமாட்டேன். ஆனால் 19 லீற்றர் பெரிய போத்தல் எதற்கு இருக்கிறது? அதில் வாங்கி மண் கூசாவில் ஊற்றி வைத்தால் தண்ணீர் குளிரவும் குளிரும், வெறும் போத்தலைக் கடைக்காரர் திரும்ப எடுப்பார். முதலாளியைக் காணும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். அவருடைய பதிலும் மாறுவதில்லை: "தம்பி, வெளியிலிருந்து வாற ஆக்கள் சீல் உடைக்காத போத்தல்தான் கேக்கினம். கூசாவைக் கண்டால் முகத்தைச் சுளிக்கினம்."

பொய்யில்லை. மச்சான் அனுப்பிய செய்தியில் இரண்டாவது கேள்வியே, குடிக்கிற தண்ணீர் போத்தலில் தருவார்களா என்பதுதான்.

ஆகவே மச்சான், உனக்கு அந்த இடம் வேண்டாம். ஓகஸ்டில் மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா என்று சனம் வந்து குவிய விலையும் ஏறிவிடும். ஏசி அறையும் சீல் போத்தலும் கிளிநொச்சி ரவுணிலேயே கிடைக்கும், அங்கே நில்.

நான் தையில் போகிறேன். மழை விட்டு முத்தையன்கட்டுக் குளம் நிரம்பியிருக்கும், கொக்கிளாய்க் களப்புக்குப் பறவைகள் வந்திருக்கும், வாடகையையும் குறைத்திருக்கிறார்கள். அறை சொல்லியாயிற்று. இந்த முறை 19 லீற்றர் போத்தலை மாங்குளத்தில் நானே வாங்கி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவதாக இருக்கிறேன். வெளித் தண்ணீர் கொண்டுவரக்கூடாது என்று வாசலில் மறித்தால் சண்டைதான்.