பெரும் படச் சேகரிப்புக்கு ஒரு நாஸ் பெட்டி: சினாலஜி டிஎஸ்923 பிளஸ்

61 மெகாபிக்சல் கொண்ட சோனி ஏ7ஆர் 5 கேமராவில் எடுத்த ஒரு படம், சுருக்கப்படாத ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்த தரவை அப்படியே வைக்கும் வடிவம்) இருந்தால் ஏறத்தாழ 120 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். அதையே 16 பிட் டிஃப் கோப்பாக மாற்றினால் 360 மெகாபைட்டைத் தாண்டிவிடும். ஒரு திருமணத்தில் 3000 படங்கள் எடுப்பவர் அன்றிரவே 360 ஜிகாபைட்டுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். இப்படிப் பெருகிக்கொண்டே போகும் படங்களை வைக்க எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சினாலஜி டிஎஸ்923 பிளஸ் என்ற நாஸ் பெட்டி, அதாவது வலையமைப்பில் இணைத்துக் கணினிகளிலிருந்து பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. மொத்தச் சேகரிப்பும் 4 டெராபைட்டுக்குள் அடங்கிவிடுமென்றால் இது தேவையில்லை; இரண்டு வெளிப்புற வன்தட்டுகளே போதும்.

2022இல் வெளிவந்த இந்தப் பெட்டியில் நான்கு வன்தட்டுகளைப் பொருத்தலாம். அவற்றைத் தனியாக வாங்க வேண்டும். 8 டெராபைட் தட்டுகள் நான்கைப் போட்டு, ஒரு தட்டின் அளவு இடத்தைப் பாதுகாப்புக்கென ஒதுக்கும் சினாலஜியின் எஸ்எச்ஆர் முறையில் அமைத்தால் 24 டெராபைட் கிடைக்கும். ஒரு தட்டு பழுதானாலும் படங்கள் இழக்கப்படுவதில்லை.

ஆனால் நான் இதை விரும்புவதற்குக் காரணம் கொள்ளளவு அன்று. பல ஆண்டுகள் திறக்கப்படாமல் கிடக்கும் ஒரு கோப்பில் சில பிட்டுகள் தாமாக மாறிவிட்டால், அதை யாரும் உடனே அறிவதில்லை. பிறகொரு நாள் திறக்கும்போது படத்தின் பாதி சாம்பல் நிறமாகத் தெரியும், அதற்குள் கெட்ட கோப்பே நல்ல பிரதியின் மேல் நகலெடுக்கப்பட்டிருக்கவும் கூடும். இந்தப் பெட்டியில் உள்ள பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்துவைத்து, குறித்த இடைவெளியில் எல்லாவற்றையும் படித்து ஒப்பிட்டு, பிழை கண்டால் மற்றத் தட்டுகளின் உதவியோடு திருத்துகிறது. பகிர்வுக் கோப்புறையை உருவாக்கும்போதே இந்த வசதியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பின்னர் அதே கோப்புறையில் இயக்க முடியாது. படங்களை நகலெடுக்கத் தொடங்குமுன் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

இதன் பெருங்குறை வேகம். உள்ளிருக்கும் இரு வலையமைப்புத் துளைகளும் நொடிக்கு 1 கிகாபிட் மட்டுமே. 10 டெராபைட்டை ஏற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகும். 10 கிகாபிட் வலையமைப்பு அட்டையைத் தனியே வாங்கிப் பொருத்தலாம். 2025இல் வந்த டிஎஸ்925 பிளஸ் 2.5 கிகாபிட் துளைகளோடு வருகிறது, ஆனால் அந்த அட்டைக்கான இடம் அதில் இல்லை. மேலும் அந்த ஆண்டின் பிளஸ் வரிசைப் பெட்டிகளில் பிற நிறுவனங்களின் வன்தட்டுகளுக்குச் சினாலஜி கட்டுப்பாடு விதித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் தளர்த்தியது. பழைய மாதிரியையே நான் சொல்வதற்கு இவ்விரண்டும் காரணங்கள்.

வன்தட்டு வாங்கும்போது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்க்க வேண்டும். பழுதான தட்டை மாற்றி மீட்டமைக்கும் நேரத்தில் அவை மிகவும் மெதுவாகிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் தட்டுகள் சிலவற்றில் இம்முறையைப் பயன்படுத்தியதை 2020இல் ஒப்புக்கொண்டது. ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் ஆகியவை பொருத்தமானவை. மின்தடை அடிக்கடி ஏற்படும் ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் இதை இயக்கவே கூடாது. யுஎஸ்பி வழி இணைத்தால், மின்கலம் தீருமுன் பெட்டி தானே பாதுகாப்பாக நின்றுவிடும்.

இவ்வளவும் செய்தபின்னும் இது ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பிரதிதான். தீ, திருட்டு, இடி மின்னல், தவறுதலான அழிப்பு ஆகியவற்றிலிருந்து எஸ்எச்ஆர் காக்காது. 2014இல் சினோலாக்கர் என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் சினாலஜி பெட்டிகளையே தாக்கியது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி இங்கே அப்படியே பொருந்தும். அந்த வெளியிடப் பிரதிக்கு அமேசானின் இணையவழிச் சேமிப்புச் சேவையான கிளேசியர் டீப் ஆர்க்கைவ் மலிவானது, அமெரிக்க மையங்களில் டெராபைட்டுக்கு மாதம் ஏறத்தாழ ஒரு டாலர். எனினும் படங்களைத் திரும்பப் பெற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வெளியே இறக்குவதற்கான கட்டணமோ சேமிப்புக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. 100 மெகாபிட் இணைப்பில் 10 டெராபைட்டை ஏற்றவே ஒன்பது நாட்களுக்கு மேலாகும். ஆகவே தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் அங்கே அனுப்பிவிட்டு, முழுச் சேகரிப்பையும் பெரிய வெளிப்புற வன்தட்டுகள் இரண்டில் எடுத்து, உறவினர் வீட்டில் மாற்றி மாற்றி வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். சினாலஜியின் காப்புப்பிரதிச் செயலியான ஹைப்பர் பேக்கப்பில் ஒற்றைப் பதிப்பு முறையைத் தேர்ந்தால், கோப்புகள் தம் இயல்பான வடிவிலேயே தட்டில் இருக்கும். படத்தை மீட்க அந்தச் செயலியை நாட வேண்டியதில்லை.