ஆட்டோகேடை நீக்க நான்கு வழி: எது எந்த மெஷினுக்கு?

கட்டட வரைபடம் போன்றவற்றை வரையும் மென்பொருளான ஆட்டோகேடை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுப்பதில் இரண்டு வேலை இருக்கிறது. மென்பொருளை நீக்குவது ஒன்று, லைசென்ஸை விடுவிப்பது இன்னொன்று. முதலாவதைச் செய்தால் இரண்டாவதும் தானாக முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியாது. அதனால் விண்டோஸின் சாதாரண அன்இன்ஸ்டால், ரெவோ போன்ற வெளி அன்இன்ஸ்டால் மென்பொருள், கையால் முழுச் சுத்தம், ஒரேயடியாக ஃபார்மட் என்ற நான்கையும் எடைபோடும் முன், உங்கள் லைசென்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இன்றைய சந்தா லைசென்ஸ் மெஷினில் இல்லை, ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனியில் உங்களுக்குள்ள கணக்கில் இருக்கிறது. மூன்று கம்ப்யூட்டர் வரை நிறுவிக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓட்டலாம். உங்கள் சொந்தக் கணக்கு என்றால், நீக்கும் முன் மேலே இருக்கும் உங்கள் பெயரைச் சொடுக்கி சைன் அவுட் செய்வதோடு மெஷின் பக்க வேலை முடிந்தது. வேலையை விட்டுப் போனவருடைய சீட் (ஒருவர் பயன்படுத்துவதற்கான உரிமை) என்றால், அட்மின் தன் கணக்கில் நுழைந்து அதை எடுத்து அடுத்தவருக்கு ஒதுக்க வேண்டும். தானாகப் புதுப்பிப்பதையும் கணக்கில்தான் நிறுத்த வேண்டும். மென்பொருளை எடுத்தாயிற்றே என்று விட்டுவிட்டால், புதுப்பிக்கும் தேதியில் கார்டிலிருந்து பணம் போகும்.

2019-ம் அதற்கு முந்தைய பதிப்புகளும் வேறு கதை. தனி மென்பொருள்களுக்கான நிரந்தர லைசென்ஸ் விற்பனையை ஆட்டோடெஸ்க் 2016 ஜனவரி 31-ஓடு நிறுத்திவிட்டது. அதற்கு முன் வாங்கியதை இன்றும் பத்திரமாக ஓட்டிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் உண்டு. அங்கே ஆக்டிவேஷன் அந்த மெஷினோடு கட்டப்பட்டிருக்கும். அதை அவிழ்த்து வேறு மெஷினுக்குக் கொண்டுபோவதற்கென்றே அந்தப் பதிப்புகளோடு லைசென்ஸ் டிரான்ஸ்ஃபர் யுடிலிட்டி வந்தது. அது ஆட்டோகேடோடு சேர்ந்து நிறுவப்படும் கருவி என்பதால், ஆட்டோகேடை எடுப்பதற்கு முன்பே அதைப் பயன்படுத்தியாக வேண்டும். நெட்வொர்க் லைசென்ஸிலிருந்து, அதாவது அலுவலக சர்வரில் பலருக்கும் பொதுவாக இருக்கும் லைசென்ஸிலிருந்து, லேப்டாப்புக்குக் கடன் வாங்கியிருந்தாலும் இதே எச்சரிக்கைதான். ரிட்டர்ன்லைசென்ஸ் கமாண்ட் கொடுத்துத் திருப்பிவிட்டுப் பிறகு நீக்குங்கள். இல்லாவிட்டால் கடன் கெடு முடியும்வரை அந்த சீட் சர்வரில் யாருக்கும் கிடைக்காது.

இனி வழிகள். விண்டோஸ் செட்டிங்ஸில் போய் அன்இன்ஸ்டால் கொடுப்பது ஐந்தாறு சொடுக்கில் முடியும். நிரல் போகும், உங்கள் செட்டிங்ஸ் பெரும்பாலும் தங்கும். இதைக் குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் இந்த வழியின் பலம். அதே மெஷினில் அதே பதிப்பைத் திரும்பப் போட நினைப்பவருக்கு வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் பழைய நிறுவல் பழுதாகி, புதிதாகப் போட்டாலும் அதே பிழை வருகிறது என்றால், பழுதான செட்டிங்ஸும் கூடவே தங்கியிருக்கும். அப்போது இந்த வழி உதவாது.

ரெவோ போன்ற மென்பொருள்கள் அன்இன்ஸ்டால் முடிந்ததும் மிச்சமிருக்கும் ஃபோல்டர்களையும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) பதிவுகளையும் தேடிப் பட்டியல் போடும். சின்ன மென்பொருளுக்கு அருமை. ஆட்டோகேடுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே மெஷினில் ஆட்டோடெஸ்கின் இன்னொரு மென்பொருளான ரெவிட்டும் இருந்தால் ஆபத்து. 2020 பதிப்பு முதலான ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் எல்லாம் ஒரே லைசென்சிங் சர்வீஸைத்தான் நம்பி இருக்கின்றன. அது ஆட்டோடெஸ்க் ஷேர்டு என்ற பொது ஃபோல்டருக்குள் இருக்கிறது. பட்டியலில் ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ கொடுத்து அதையும் அழித்துவிட்டால், ஆட்டோகேடோடு ரெவிட்டும் படுத்துவிடும்.

கையால் சுத்தம் செய்வது நேரம் பிடிக்கும், ஆனால் எதை எடுக்கிறோம் என்பது நம் கண்முன் இருக்கும். முதலில் ஆட்-இன்கள் (ஆட்டோகேடோடு சேர்த்துப் போட்ட துணை நிரல்கள்), பிறகு ஆட்டோகேட். வேறு ஆட்டோடெஸ்க் மென்பொருள் எதுவும் மெஷினில் இல்லை என்றால் மட்டும் கடைசியாக லைசென்சிங் சர்வீஸ். அதன் ஃபோல்டரிலேயே அதற்கான அன்இன்ஸ்டால் கோப்பு இருக்கிறது. அடுத்து, மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டாவுக்குள் ஃப்ளெக்ஸ்நெட் ஃபோல்டர். அங்கே ‘ஏடிஎஸ்கேஃப்ளெக்ஸ்’ என்று பெயர் தொடங்கும் கோப்புகளை மட்டும் எடுங்கள். ஃபோல்டரை மொத்தமாக அழிக்காதீர்கள். வேறு கம்பெனிகளின் மென்பொருள்களும் தங்கள் லைசென்ஸ் விவரத்தை அங்கே எழுதி வைக்கும். ரெஜிஸ்ட்ரியில் ஆண்டு எழுதியிருக்காது, வெளியீட்டு எண்தான் இருக்கும். 2022 பதிப்புக்கு ஆர்24.1, 2024-க்கு ஆர்24.3. இரண்டு பதிப்புகள் ஓடும் மெஷினில் இந்த எண்ணை நின்று நிதானமாகப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

இந்த வழியில் இறங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று. ஆட்டோகேட் இன்னும் திறக்கிற நிலையில் இருக்கும்போதே கமாண்ட் லைனில் ஸ்டைல்ஸ்மேனேஜர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். பிளாட் ஸ்டைல், அதாவது அச்சில் கோடுகள் எப்படி வர வேண்டும் என்ற அமைப்புகளின் ஃபோல்டர் திறக்கும். எந்த நிறக் கோடு எந்தத் தடிமனில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் உங்கள் அலுவலகத்தின் சிடிபி கோப்புகள் அங்கேதான் இருக்கும். சிவப்புக் கோடு 0.18 மில்லிமீட்டர், வெட்டுச் சுவர் 0.5, மரம் செடிகொடி எல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கலாக என்று ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்தது அது. அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பிளாட்டர்மேனேஜர் கமாண்டில் திறக்கும் பிளாட்டர் (அச்சு இயந்திரம்) அமைப்புகளின் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். இந்த உழைப்பை எங்கிருந்தும் இறக்க முடியாது.

ஃபார்மட் அடிப்பதுதான் வேகமான வழி என்று கடைகளில் சொல்வார்கள். மெஷினை விற்கிறீர்கள் என்றால் நானும் அதையே சொல்வேன். வாடிக்கையாளரின் வீட்டு வரைபடங்கள் அதில் இருக்கின்றன, அவை வேறு கைக்குப் போகக் கூடாது. மற்றபடி ஒரு மென்பொருள் தகராறுக்காக முழு மெஷினையும் துடைப்பது அதிகம். ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று தேர்ந்தெடுத்து விண்டோஸை ரீசெட் செய்பவர்களும் கவனிக்க வேண்டும். டாக்குமென்ட்ஸில் இருக்கும் டிராயிங் தங்கும். சிடிபி இருப்பதோ மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில். அது தங்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

ஃபார்மட் முடிந்த பிறகுதான் லைசென்ஸ் நினைவுக்கு வருகிறது என்றால், என்ன மென்பொருள் என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். ஃபோட்டோஷாப் என்றால் கவலை இல்லை. அடோபி இரண்டு கம்ப்யூட்டர்களில் ஆக்டிவேட் செய்ய விடுகிறது, கையில் இல்லாத மெஷினையும் கணக்குப் பக்கத்திலிருந்தே டிஆக்டிவேட் செய்யலாம். சந்தா ஆட்டோகேடிலும் சீட் கணக்கிலேயே இருப்பதால் புது மெஷினில் சைன் இன் செய்துகொள்ளலாம். இயந்திர பாகங்களை வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸில் மெஷினோடு கட்டிய லைசென்ஸ் என்றால் ஹெல்ப் மெனுவில் முன்கூட்டியே டிஆக்டிவேட் செய்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர் சீரியல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிய டீலரைத்தான் கூப்பிட வேண்டும்.