லைஃப் சர்டிபிகேட்: வங்கியா, ரேகையா, முகமா, தபால்காரரா?

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது வயது 82. அரமும் இரும்பும் பிடித்தே தேய்ந்த கை. ஓய்வூதியம் நிற்காமல் வர, உயிரோடு இருப்பதாக வருடந்தோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றுக்காக மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சேவை மையத்தில் அந்தக் கையை ரேகைக் கருவியில் வைத்தபோது கருவி ஏற்கவே இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுகை என்று மாற்றி மாற்றி வைத்தோம். "தலைமுடியில ஒரு தேய் தேய்ச்சுட்டு வைங்க ஐயா" என்றார் மையத்துப் பையன். அதையும் செய்தார். விழவில்லை. வெளியே வரும்போது அப்பா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பது வருட உழைப்பு அழித்த ரேகை அது. அதற்காக அவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

அன்றிலிருந்து அப்பாவுக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியையான அத்தைக்கும், மில்லில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் உயிர்வாழ் சான்று கொடுக்கும் வேலை என்னுடையது. எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டேன்.

முதலில் கெடு விஷயம், ஏனென்றால் இது ஆளுக்கு ஆள் வேறு. ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கூட்டம் சேரும் முன் முடித்துவிடலாம் என்பதால் அந்த ஒரு மாதம் பெரிய வரம். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு இந்தச் சான்றுக்கான கருவூல நேர்காணல் அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தில் வரும். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குபவர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் நவம்பரில் ஓடுகிறாரே என்று நீங்களும் ஓட வேண்டியதில்லை.

பழைய வழி, வங்கிக்கு நேரில் போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது. இதற்கு ஆதார் வேண்டாம், போன் வேண்டாம். எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், ஏதாவது தவறு என்றால் அங்கேயே சொல்லிவிடுவார். குறை, வரிசை. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வங்கிக் கிளையில் அப்பா இரண்டு மணி நேரம் நின்றார், உட்கார நாற்காலி இல்லை. "பிரிண்டர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்றார்கள். முழங்கால் வலியோடு இன்னொரு நாள் அலைந்தோம். படுக்கையில் இருப்பவர் என்றால் வங்கி அதிகாரி வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. கேட்டால்தான் நடக்கும், அதனால் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது ரேகை. 2014 நவம்பர் 10-ல் தொடங்கிய, டிஜிட்டலாகச் சான்று தரும் மத்திய அரசின் ஜீவன் பிரமாண் திட்டம் முதலில் இதை நம்பித்தான் வந்தது. இ-சேவை மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் கொடுத்து விரலை வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். ரேகை விழுபவர்களுக்கு நல்ல வழிதான். அத்தைக்கு முதல் தடவையே விழுந்தது. ஆனால் வயலிலும் பட்டறையிலும் அடுப்படியிலும் கை தேய்ந்தவர்களுக்கு இது சரிப்படாது. ரேஷன் கடையில் விரல் வைத்துப் பழகிய எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். கருவிழிக் கருவி இருக்கிற மையம் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். அப்புறம், யாரோ சொன்னார்கள் என்று ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருந்தால் எந்த விரலை வைத்தாலும் விழாது. முதலில் அதைத் திறக்க வேண்டும்.

2021 நவம்பரில் முகத்தை வைத்துச் சான்று கொடுக்கும் வசதி வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி தந்தது இதுதான். சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும், கேமரா 5 மெகாபிக்சலுக்குக் குறையக் கூடாது. இரண்டு செயலிகளை இறக்க வேண்டும், ஒன்று ஆதார் ஃபேஸ் ஆர்டி, மற்றொன்று ஜீவன் பிரமாண். குழப்பம் வருவது அடுத்த படியில். செயலி முதலில் "ஆபரேட்டர்" முகத்தைக் கேட்கும். போனை இயக்கித் தருபவர்தான் அந்த ஆபரேட்டர், அதாவது நீங்கள். உங்கள் ஆதாரும் உங்கள் முகமும் ஒரு தடவை பதிவாக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓய்வூதியரின் விவரம். இது புரியாமல் அப்பாவின் ஆதாரைப் போட்டு என் முகத்தைக் காட்டி ஒரு மாலை முழுக்க வீணாக்கினேன்.

முகம் விழுவதற்கு வெளிச்சம்தான் எல்லாம். எங்கள் கூடத்தில் டியூப்லைட்டின் கீழே நாலு தடவை தோற்றது. திண்ணையில், காலை ஒன்பது மணி வெயிலுக்கு முகம் காட்டி அப்பாவை உட்கார வைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். பின்னால் வெள்ளைச் சுவர். "கண்ணைச் சிமிட்டுங்கப்பா" என்றதும் அவர் ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார், அம்மா சிரித்துவிட்டாள். அடுத்த தடவை போன் திரையில் வட்டம் பச்சையானது. அவ்வளவுதான், அந்த வருட வேலை முடிந்தது. காசு செலவில்லை, படி இறங்கவில்லை.

ஆனால் இது வீட்டில் போன் தெரிந்த ஒருவர் இருக்கிற குடும்பத்துக்கான வழி. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் 75 வயது அம்மாவிடம் "செயலியை இறக்கிக்கோங்க, இலவசம்தான்" என்று சொல்வது உதவி ஆகாது. போனை எடுத்துக்கொண்டு யாரோ ஒருவரிடம் போவார், ஓடிபி-யைச் சொல்வார். பயம் அங்கேதான்.

ஸ்டேட் பாங்க் ஓய்வூதியர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2021 நவம்பர் முதல் வீடியோ அழைப்பிலேயே சான்று தரலாம். அசல் பான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் வரும் எண்ணை வாசித்துக் காட்ட வேண்டும். நெட் நன்றாக இருந்தால் சரி.

இனி தபால்காரர். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய வீட்டுவாசல் சேவை இது. கட்டணம் 70 ரூபாய். ஓய்வூதியம் எந்த வங்கியில் வந்தாலும் சரி, தபால்காரர் கருவியோடு வீட்டுக்கு வருவார். 155299 எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். கிராமத்தில் அதுகூட வேண்டாம், தெருவில் அவரைப் பார்க்கும்போதே சொன்னால் போதும். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இப்படித்தான் முடிந்தது. ரேகை விழவில்லை என்றதும் தபால்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "வாசலுக்கு வாங்க தாத்தா, முகத்தைப் பிடிச்சுக்கலாம்" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். தாத்தாவின் ஓய்வூதிய ஆணை எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரே.

எழுபது ரூபாய் எல்லோருக்கும் சின்னத் தொகை அல்ல. வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சமே மாதம் 1,000 ரூபாய்தான். அவர்களுக்கு இந்தக் கட்டணத்தை வைப்பு நிதி நிறுவனமே ஏற்பதாக 2025 நவம்பரில் தபால் வங்கியோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. பணத்தை எடுத்து நீட்டும் முன் அதைக் கேளுங்கள்.

யாராவது என்னிடம் எது சிறந்தது என்று கேட்டால், அந்தப் பெரியவரோடு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். பிள்ளையோ பேரப்பிள்ளையோ கூட இருந்தால் முகம். தனியாக இருந்தால், தயங்காமல் தபால்காரர். கருவி ஏற்காதபோது அடுத்து என்ன செய்வது என்று தெரிந்த, ஊருக்குத் தெரிந்த முகம் ஒன்று எதிரே நிற்கிறது. அந்தத் தைரியத்தை எந்தச் செயலியும் தராது. ரேகை மையத்தை, ரேகை விழும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்வேன். வங்கி வரிசை கடைசி. ஆனால் அந்தக் காகிதப் படிவத்தை எந்தக் காலத்திலும் எடுத்துவிடக் கூடாது. ஆதார் இல்லாமலும் கொடுக்க முடிகிற வழி அது. டிஜிட்டல்தான் கொடுக்க வேண்டும் என்று யாராவது விரட்டினால், அது கட்டாயமில்லை என்று சொல்லுங்கள்.

நவம்பர் வந்தால் திருடர்களும் வருவார்கள். "உங்க லைஃப் சர்டிபிகேட் முடிஞ்சுபோச்சு, ஓடிபி சொல்லுங்க, இல்லேன்னா பென்ஷன் நின்னுடும்" என்று போன் வரும். ஓடிபி-யைப் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர் என்றே வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. டிஜிட்டல் சான்றுக்கான பிரமாண் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. சான்று உருவாகிவிட்டது, அவ்வளவுதான். ஓய்வூதியம் தரும் வங்கியோ கருவூலமோ அதை ஏற்க வேண்டும். கணக்கு எண்ணோ ஆணை எண்ணோ தப்பாக இருந்தாலோ, பட்டியலில் வேறு அலுவலகத்தைத் தேர்ந்திருந்தாலோ தள்ளிவிடுவார்கள். அத்தைக்கு அப்படித்தான் ஆனது, அடுத்த மாதம் பணம் வராதபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. திரும்பக் கொடுத்ததும் நிலுவையோடு சேர்த்து வந்துவிட்டது. ஆனால் அந்த மாத மருந்துக்கு அவர் வளையலை அடகு வைத்திருந்தார். எங்களிடம் சொல்லவே இல்லை. இப்போதெல்லாம் சான்று கொடுத்த பத்தாம் நாள் ஜீவன் பிரமாண் தளத்தில் ஏற்றுக்கொண்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அவருக்குப் போன் செய்கிறேன்.