பனோரமா ஹெட் ரிவ்யூ: வாய்ட் டெக் தூண் உடையாம ஒட்டணுமா?

முதல்லயே சொல்லிடறேன், வீட்டுக்குள்ள, வாய்ட் டெக்ல (சிங்கப்பூர் அடுக்குமாடி பிளாக்கோட திறந்த தரைத்தளம்), கோயில் மண்டபத்துல, சின்னக் கடைக்குள்ள 360 எடுக்கணும்னா, அதாவது சுத்தி இருக்கறதைப் பல படமா எடுத்து ஒண்ணா ஒட்டணும்னா, டிரைபாட் மேல மாட்டி கேமராவைச் சுத்துற இந்த மாதிரி ஒரு பனோரமா ஹெட் கண்டிப்பா வாங்குங்க, மெரினா பராஜ் புல்வெளியில நின்னு ஸ்கைலைன் மட்டும் எடுக்கறவங்களுக்கு இது தேவையே இல்ல. அங்க பக்கத்துல எந்தப் பொருளும் கிடையாது, எல்லாமே தூரம், கையில புடிச்சு கேமராவைத் திருப்பினாலே சாஃப்ட்வேர் அழகா ஒட்டிக் குடுத்துடும்.

பிரச்சனை வர்றதே பக்கத்துல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு ஒரே ஃப்ரேம்ல இருக்கும்போதுதான். நம்ம வாய்ட் டெக்கையே எடுத்துக்குங்க, முன்னாடி ஒரு தூண், அதுக்குப் பின்னாடி லெட்டர் பாக்ஸ் வரிசை. சாதாரண பால் ஹெட்ல (உருண்டை மூட்டு வச்ச டிரைபாட் தலை) திருப்பி எடுத்தீங்கன்னா முதல் படத்துல தூண் ஒரு பாக்ஸை மறைச்சிருக்கும், அடுத்த படத்துல அதே பாக்ஸ் பாதி வெளிய தெரியும், ஏன்னா லென்ஸ் ஒரே இடத்துல நின்னு திரும்பல, திரும்பும்போதே நகர்ந்துடுச்சு. ரெண்டு படமும் ரெண்டு கதை சொன்னா சாஃப்ட்வேர் எதை நம்பும்? தூண் ஓரம் உடைஞ்சு போய் நிக்கும், இல்ல ஒரு பாக்ஸ் ரெண்டா வரும். இந்த ஹெட்டோட ஒரே வேலை, லென்ஸோட என்ட்ரன்ஸ் பியூப்பில், அதாவது முன்னாடிலேர்ந்து லென்ஸுக்குள்ள பாத்தா அபர்ச்சர் (வெளிச்சம் உள்ள போற துவாரம்) எங்க இருக்கற மாதிரி தெரியுதோ அந்த இடம், அது சுத்துற அச்சுக்கு நேர் மேல வர்ற மாதிரி கேமராவைப் பின்னாடி தள்ளி வைக்கறதுதான். நிறைய பேரு இதை நோடல் பாயிண்ட்னு சொல்றாங்க, ஆப்டிக்ஸ் கணக்குல நோடல் பாயிண்ட் வேற, ஆனா கடையில அப்படிக் கேட்டாலும் புரிஞ்சுக்குவாங்க.

நான் வாங்கினது சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல. இதே ஹெட்டை ஆன்லைன்ல பல பேருல விக்கிறாங்க, அதனால பேரைப் பாக்காதீங்க, அமைப்பைப் பாருங்க. கீழ ஒரு ரொட்டேட்டர், அது மேல படுக்கையா ஒரு ரெயில், அதுலேர்ந்து நேரா எழும்புற ஒரு கை, அந்தக் கையில மேலயும் கீழயும் சாயிற மேல் ரெயில், அதுலதான் கேமரா நெட்டுக்குத்தா உக்காரும். விலை 200 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல. கடைக்காரர் என் கேமராவையே மாட்டிப் பாக்க விட்டாரு, அது பெரிய உதவி, ஏன்னா எல் பிளேட் (கேமராவை நெட்டுக்குத்தா மாட்டுற எல் வடிவத் தகடு) அளவு சரியா உக்காருதான்னு படத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரொட்டேட்டர்தான். பக்கத்துல இருக்கற சின்ன ஸ்க்ரூவை வேற ஓட்டைக்கு மாத்தினா 15, 30, 36, 45, 60, 90 டிகிரின்னு கிளிக் மாறுது, ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்கு நல்லாத் தெரியுது, இருட்டுல கூட எண்ணிக்கிட்டே போகலாம். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுல 24 எம்எம் லென்ஸை நெட்டுக்குத்தா வச்சா படத்துல விழற அகலம் ஏறத்தாழ 53 டிகிரி வரும், 36 டிகிரி கிளிக்ல 10 படம் எடுத்தா ஒரு சுத்து முடிஞ்சுடும், ஒண்ணுக்கொண்ணு மூணுல ஒரு பங்கு கிட்ட ஓவர்லேப்பும் கிடைக்கும். வெறும் வெள்ளைச் சுவரா இருக்கற ரூமுக்கு மட்டும் 30 டிகிரிக்கு மாத்தி 12 எடுங்க, சாஃப்ட்வேர் புடிச்சுக்க ஏதாவது அடையாளம் வேணும்ல. தரை, கூரை எல்லாம் சேர்த்து முழு உருண்டையும் வேணும்னா நேரா ஒரு சுத்து, 45 டிகிரி மேல ஒண்ணு, 45 கீழ ஒண்ணு, கடைசியா உச்சிக்கு ஒரு படம்.

இப்ப செட்டப். இதுக்கு நேரம் குடுங்க, ஒரு லென்ஸுக்கு ஒரு தடவை சரியாப் பண்ணிட்டா அந்த நம்பரைக் குறிச்சு வச்சுக்கிட்டு அடுத்த தடவை நேரா அங்க போய் நிப்பாட்டலாம். முதல்ல இடம் வலம். கேமராவை நேர் கீழ பாக்க சாய்ச்சு லைவ் வியூல ரொட்டேட்டரோட நடு ஸ்க்ரூ திரைக்கு நட்டநடுவுல வர்ற வரைக்கும் கீழ் ரெயிலை நகர்த்துங்க, அப்புறம் சுத்திப் பாருங்க, அந்த ஸ்க்ரூ இடத்தை விட்டு அலையாம அங்கேயே நின்னு சுத்தினா சரி.

அடுத்தது முன் பின், இதுதான் முக்கியம். எச்டிபி (அரசு அடுக்குமாடி) காரிடார் இதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கும். துணி காயப்போடுற மூங்கில் கம்பு ஒண்ணை ஒரு மீட்டர் தூரத்துல நேரா நிக்க வச்சுட்டு அதை எதிர் பிளாக் ஓரக் கோட்டோட ஒட்டின மாதிரி பாருங்க. ரெண்டையும் ஃப்ரேமோட ஒரு ஓரத்துக்குக் கொண்டு வந்து லைவ் வியூவைப் பெருசாக்கி இடைவெளியைக் கவனிங்க, அப்புறம் இன்னொரு ஓரத்துக்கு வர்ற மாதிரி திருப்பிப் பாருங்க. கேமராவை வலப்பக்கம் திருப்பும்போது கம்பு பின்னாடி கோட்டை விட்டு இடப்பக்கம் விலகினா கேமரா ரொம்ப முன்னாடி இருக்கு, மேல் ரெயில்ல பின்னாடி இழுங்க. வலப்பக்கம் விலகினா முன்னாடி தள்ளுங்க. ரெண்டு ஓரத்துலயும் இடைவெளி மாறாம நின்னா முடிஞ்சது. என் கேமராவுக்கு 24 எம்எம் பிரைம்ல (ஜூம் இல்லாத லென்ஸ்) மேல் ரெயில் ஸ்கேல் 87ல நிக்குது, உங்களுக்கு அது வராது, உங்க பாடி, உங்க பிளேட்டுக்கு நீங்கதான் பாக்கணும். ஜூம் லென்ஸ்னா ஒவ்வொரு ஃபோக்கல் லெங்த்துக்கும் புள்ளி நகரும், அதனால பிரைம் வச்சுக்கறது நிம்மதி. ஃபோகஸ் மாத்தினாலும் கொஞ்சம் நகரும், மேனுவல்ல போட்டுடுங்க, 24 எம்எம்ல அபர்ச்சரை எஃப் 8 வச்சு ஃபோகஸை 2.5 மீட்டர்ல நிப்பாட்டினா ஏறத்தாழ 1.25 மீட்டர்லேர்ந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும். எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் ரெண்டையும் பூட்டிடணும், ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணணும்.

குறைன்னு பாத்தா மேல் ரெயில்ல ஸ்டாப்பர் கிடையாது, கேமராவைக் கழட்டி மாட்டும்போது 87ஐ ஒவ்வொரு தடவையும் தேடணும், நான் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி வச்சிருக்கேன். குமிழ் திருகு ரொம்பச் சின்னது, நம்ம ஊர் வேர்வைக் கையில வழுக்குது. கனமான லென்ஸ் போட்டு 45 கீழ சாய்ச்சா ஹெட்டோட கை லேசா இறங்குது, இறுக்கிட்டு ஒரு தடவை பாத்துட்டு எடுங்க. பப்பிள் லெவல் பேருக்குத்தான் இருக்கு.

லிட்டில் இந்தியா பஃபலோ ரோடு பூக்கடை முன்னாடி எடுத்தப்பதான் இதோட அருமை தெரிஞ்சது. ஒரு கை தூரத்துல மல்லிகைச் சரம் வரிசையாத் தொங்குது, பின்னாடி காய்கறிக் கூடை, அதுக்கும் பின்னாடி ரோடு, ஹியூஜின்ல போட்டேன், இலவச சாஃப்ட்வேர்தான், ஒரு சரம் கூட அறுபடல, ரெண்டாகல. நடந்து போற ஆளுங்க பாதி உடம்போட வர்றதை மட்டும் எந்த ஹெட்டாலயும் தடுக்க முடியாது, அந்தக் கோணத்துல ரெண்டு மூணு படம் கூடுதலா எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் சாஃப்ட்வேர்ல மாஸ்க் பண்ணிக்கணும், அதாவது வேண்டாத பகுதியை மறைச்சுக்கணும். கோயிலுக்குள்ளன்னா முன்கூட்டியே ஆபீஸ்ல கேட்டுட்டு டிரைபாடை விரிங்க. ஏர்கான் ரூம்லேர்ந்து வெளிய வந்தவுடனே லென்ஸ்ல பனி புடிக்கும், அது போறதுக்குள்ள அவசரப்பட்டு ஆரம்பிக்காதீங்க, முதல் நாலு படம் மங்கலாவும் மிச்சம் தெளிவாவும் வந்தா ஒட்டின இடம் பளிச்சுன்னு தெரியும்.

ஒண்ணு மட்டும் இதோட சேர்த்து வாங்குங்க, லெவலிங் பேஸ். ரொட்டேட்டருக்குக் கீழ அது இல்லாம டிரைபாட் காலை நீட்டி மடக்கி லெவல் பண்றது பெரும்பாடு, லெவல் இல்லாமச் சுத்தினா ஒரு கிளிக்ல மேல ஏறும், இன்னொண்ணுல கீழ இறங்கும், ஒட்டினதுக்கப்புறம் மேலயும் கீழயும் நிறைய வெட்ட வேண்டி வரும். ஹெட் கூட வர்றதில்ல, தனியாத்தான் விக்கிறாங்க, பட்ஜெட் போடும்போதே அதையும் கணக்குல வச்சுக்குங்க.