பூ பட்டியலில் இரட்டைப் பெயர்: டிஸ்டிங்ட்டா, குரூப்பையா, ஹேஷ்செட்டா?

தோவாளைப் பூச்சந்தைக் கமிஷன் கடைக்கு சி ஷார்ப்பில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுபவருக்கு வரும் புகார் ஒன்று: காம்போபாக்ஸில் 'கொழுந்து' இரண்டு தடவை நிற்கிறது, இரட்டையை நீக்கும் டிஸ்டிங்ட் (Distinct) போட்டும் போகவில்லை.

வெறும் எண்ணுக்கும் ஸ்டிரிங்குக்கும் டிஸ்டிங்ட் போதும். நாமே எழுதிய கிளாஸ் என்றால், ஈக்வல்ஸ், கெட்ஹேஷ்கோடு இரண்டையும் எழுதாதவரை அது உள்ளே உள்ள பெயரை அல்ல, ரெஃபரன்ஸைத்தான் (இரண்டும் மெமரியில் ஒரே பொருளா என்பதைத்தான்) ஒப்பிடும். ஒரு வரிகூடக் குறையாது. நாம் சொல்லும் சாவியை மட்டும் ஒப்பிடும் டிஸ்டிங்ட்பை (DistinctBy) இதற்கு நல்ல மருந்து, ஆனால் அது டாட்நெட் 6-இல்தான் வந்தது. டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இல் ஓடும் பழைய சாஃப்ட்வேருக்கு உதவாது.

ஒரே விவசாயிக்கு இரண்டு கணக்கு இருந்து, பாக்கியைக் கூட்டி ஒன்றாக்க வேண்டுமா? அங்கே ஒரே சாவி உள்ளவற்றைக் குழுவாக்கும் குரூப்பைதான் (GroupBy). போன் நம்பரை வைத்துப் பிரியுங்கள். பெயரை நம்பினால் இரண்டு ஆட்களின் கணக்கு கலந்துவிடும்.

மற்றதற்கெல்லாம் என் ஓட்டு, ஒன்றை ஒரு தடவைக்கு மேல் வைக்காத ஹேஷ்செட்டுக்கு (HashSet). ஏற்கெனவே உள்ளதைச் சேர்த்தால் அதன் ஆட் (Add) 'ஃபால்ஸ்' தரும். ஆகவே பழைய பட்டியலைச் சுத்தம் செய்யும் அதே செட், புதுப் பெயர் அடிக்கும்போதே தடுக்கவும் செய்யும். வடிகட்டும் 'வேர்' (Where) உள்ளே ஆட் எழுதினால், முடிவை உடனே பட்டியலாக்கும் டூலிஸ்ட் (ToList) போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் முறை ஓடும்போது எல்லாமே 'ஏற்கெனவே உண்டு' ஆகி, கிரிட் காலியாக வரும். பெயரைத் திருத்தினாலோ அழித்தாலோ செட்டிலும் மாற்ற வேண்டும், அந்தப் பராமரிப்பு உண்டு.

எதை எடுத்தாலும் ஜெயிப்பதும் தோற்பதும் ஒப்பிடும் சாவியில்தான். 'கொ' யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிவாகலாம்: மெய்யோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான்; எழுத்தின் குறியீட்டு எண்ணையே பார்க்கும் ஆர்டினல் ஒப்பீட்டுக்கு வேறு வேறு. ஸ்டிரிங்கின் நார்மலைஸ் இரண்டையும் ஒன்றாக்கும். பிறகு, முன்பின் இடைவெளியை வெட்டும் டிரிம். எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய பெயரில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் இருக்கலாம்; டிரிம் அவற்றைத் தொடாது, ரீப்ளேஸ் செய்து நீக்க வேண்டும். ஆங்கிலத்தில் அடித்த 'ரோஸ்' பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பிரியாமலிருக்க, செட்டுக்கு ஆர்டினல்இக்னோர்கேஸ் கொடுங்கள். இத்தனையும் ஒரே ஃபங்ஷனில் இருக்கட்டும்; திரைக்குத் திரை எழுதினால் ஒன்றில் மறக்கும்.

விண்டோஸ் திரை அமைக்கும் டபிள்யூபிஎஃப்பின் (WPF) கலெக்ஷன்வியூ ஃபில்டர் இந்தப் போட்டியிலேயே இல்லை: அது மறைக்கும், நீக்காது. சேவ் செய்தால் இரட்டையும் சேர்ந்தே போகும்.

டேட்டாபேஸில் அந்தச் சாவிக்குத் தனி நெடுவரிசையும் (column), இரட்டையை ஏற்காத யுனிக் இண்டெக்ஸும் போடலாம். அதற்கு முன் பழைய பில் வரிகளை மிஞ்சும் பூவின் ஐடிக்கு மாற்றிவிட்டுத்தான் இரட்டையை அழிக்க வேண்டும்.