பழைய பிஎஸ்பியா, புதிய ஆர்ஜி35எக்ஸ்எக்ஸா?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறவர்களுக்குப் பழைய கேம்கள் நல்ல துணை. வீட்டில் கிடக்கும் பிஎஸ்பியில் (சோனியின் கையடக்க கேம் சாதனம்) மற்ற சாதனங்களின் கேம்களும் ஓட மாற்று ஃபர்ம்வேர், அதாவது சாதனத்தை இயக்கும் வேறொரு மென்பொருள், ஏற்றலாமா, பழைய கேம்களுக்கென்றே அன்பெர்னிக் நிறுவனம் விற்கும் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் வாங்கலாமா?

என் பார்வையில் திரைதான் முதலில் பேச வேண்டியது. நின்டெண்டோவின் பழைய கையடக்க சாதனமான கேம்பாய் அட்வான்ஸின் படம் 240×160 பிக்சல். இரு மடங்காக்கினால் 480×320. ஆர்ஜி35எக்ஸ்எக்ஸின் 640×480 திரையில் அது தாராளமாக அடங்கும். பிஎஸ்பியின் திரை 480×272தான், உயரம் போதாது. அரைகுறை மடங்கில் நீட்டினால் எழுத்துகள் மங்கிவிடும். போதாததற்கு, அதன் 333 மெகாஹெர்ட்ஸ் செயலி சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய கேம் சாதனத்தின் சில கேம்களில் மூச்சு வாங்கும்.

ஆனால் பிளேஸ்டேஷன் 1 கேம்களுக்குப் பிஎஸ்பியில் சோனியே எழுதிய எமுலேட்டர் (வேறொரு சாதனத்தின் கேம்களை ஓட்டும் மென்பொருள்) இருக்கிறது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. பிஎஸ்பிக்கென்றே வந்த கேம்களோ புதியதில் சரியாக ஓடாது.

பிஎஸ்பி 2004இல் வெளியான சாதனம் என்பதால் பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான மெமரி ஸ்டிக் என்ற சோனியின் கார்டைத் தேடி அலைய வேண்டாம், மைக்ரோ எஸ்டி அடாப்டர் போதும்.

பிஎஸ்பி கேம்கள் மீது ஆசை இல்லாதவர் புதியதையே வாங்கலாம். கூடவே வரும் மெமரி கார்டை மட்டும் நம்பாதீர்கள். அதில் உள்ள எல்லாவற்றையும் தரமான வேறொரு கார்டுக்கு உடனே மாற்றிவிடுங்கள்.